புகைந்து போன காசு யாருடையது?

"புகை குடிப்பது பாவமா?" என்பது மிகப் பழைய கேள்வி. ஞானோபதேசம் படிக்கும் சிறுவனும் கேட்கிறான். பல்லுப் போன கிழவரும் கேட்கிறார். சிறுவன் கேட்பது தகப்பனாரை மனதில் வைத்துக்கொண்டு. கிழவர் கேட்பது "இல்லை" என்ற பதில் வருமென்ற நம்பிக்கையோடு. நெடுங்காலமாக இதற்கு ஒரு சமாதானமான விடை சொல்லப்பட்டு வந்தது: மிதமாயிருந்தால் குற்றமில்லை, மிதமிஞ்சினால் குற்றம். அந்த விடை பிறந்த நாளில் புகையிலை தேகத்துக்குச் செய்யும் கேடு இன்னதென்று வைத்தியர்களுக்கே சரிவரத் தெரியாது. 1950-ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். 1964-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி அதை உறுதி செய்து அறிக்கை வெளியிட்டார். அதற்குப் பின் "மிதமாக" என்ற சொல்லுக்கு முன்போல் இடமில்லை.

ஆனால் தேகக் கேட்டைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. அதை இப்போது சிகரெட்டுப் பெட்டியே சொல்கிறது. 2016 முதல் நம் தேசத்தில் பெட்டியின் முகப்பில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. பார்க்கச் சகிக்காத படம். ஆயினும் வாங்குகிறவன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான். காரணம் எளிது. நோய் இருபது வருஷம் தள்ளி நிற்கிறது, ஆசை இப்போதே கதவைத் தட்டுகிறது. தூரத்திலுள்ள யானையைவிடப் பக்கத்திலுள்ள எறும்பு பெரிதாய்த் தெரிகிறது.

காசு அப்படித் தூரத்தில் இல்லை. அது இன்றைக்கே சட்டைப் பையிலிருந்து போகிறது. ஆதலால் காசைப் பற்றிப் பேசுவோம். பணக் கணக்கு ஆத்தும காரியமாகுமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மனிதன் எதை நேசிக்கிறான் என்பதை அவன் வாயைவிட அவன் செலவுக் கணக்கு நேர்மையாகச் சொல்லும்.

ஒரு கூலிக்காரனை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 30 ரூபாயை அவன் புகைக்குக் கொடுக்கிறான். பீடியானால் ஒரு கட்டு, சிகரெட்டானால் இரண்டோ மூன்றோ. விலை ஊருக்கு ஊர் மாறும். கூட்டியோ குறைத்தோ அவரவர் போட்டுக்கொள்ளலாம். மாதத்துக்கு 900 ரூபாய். வருஷத்துக்கு 10,950 ரூபாய். இருபது வயதில் தொடங்கி நாற்பத்தைந்து வயது வரை, விலை ஒரு காசும் ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 2,73,750 ரூபாய். தீப்பெட்டி இதில் சேரவில்லை. புகைக்குத் துணையாகக் குடித்த டீ சேரவில்லை. பெட்டிக்கடை வாசலில் நண்பனுக்கு நீட்டியதும் சேரவில்லை.

இதை வேறு விதமாகவும் எண்ணலாம். அவன் நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,950 ரூபாய் சம்பாதிக்க 18 நாளுக்கு மேல் வேலை செய்ய வேண்டும். ஆகவே வருஷத்தில் 18 நாள் அவன் சாரத்தின் மேல் ஏறி வெயிலில் நின்றது அரிசிக்காக அல்ல, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக அல்ல, சாம்பலுக்காக. முதலாளி ஒருவன் அவனைப் பார்த்து, "வருஷத்தில் 18 நாள் எனக்குச் சும்மா வேலை செய்" என்றால் சங்கத்தைக் கூட்டிக் கொடி பிடித்திருப்பான். பீடியிடம் அவன் கொடி பிடிப்பதில்லை.

ஏன்? அந்த 10,950 ரூபாயை அவன் ஒரு நாளும் ஒன்றாய்ப் பார்த்ததில்லை. அதுவே இந்தச் செலவின் தந்திரம். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சிகரெட்டு ஒவ்வொன்றாக விற்கிறது. முழுப் பெட்டி வாங்கினால் விலை உறைக்கும், படமும் கண்ணில் படும். ஒன்றை மட்டும் வாங்கினால் இரண்டும் இல்லை. இந்தச் சில்லறை விற்பனையை மஹாராஷ்டிர சர்க்கார் 2020-ல் தடை செய்தது இக்காரணம் பற்றியே. கடைக் கயிற்றில் தொங்கும் நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போகிறவனுக்குத் தான் ஒரு பெரிய செலவைச் செய்துவிட்டதாக எண்ணமே வராது.

இங்கேதான் தர்ம சாஸ்திரம் படித்தவர்களையும் யோசிக்க வைக்கும் கேள்வி எழுகிறது. ஒரு செயலுக்கு மனிதன் பொறுப்பாளி ஆவதற்கு அறிவும் சம்மதமும் வேண்டும். ஒவ்வொரு பீடிக்கும் அவன் சம்மதித்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மொத்தத்துக்கு யார் சம்மதித்தது? "உன் வாழ்நாளில் இரண்டே முக்கால் லட்சம் ரூபாயை எடுத்து அடுப்பில் போடச் சம்மதமா?" என்று அவனை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பைத்தியமா என்று சொல்லியிருப்பான். ஆயினும் அதையே செய்து முடித்திருக்கிறான். சிறு சம்மதங்களைக் கூட்டினால் பெரிய சம்மதம் ஆகுமா, ஆகாதா?

ஆகாது என்று சொல்லத் தோன்றுகிறது. மனிதன் மேல் இரக்கமும் வருகிறது. ஆனால் அந்த இரக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு முறை கூட்டிப் பார்த்தவனுக்கு, அல்லது இப்படியொரு தாளில் கூட்டிக் காட்டப்பட்டவனுக்கு, மறுநாள் முதல் "எனக்குத் தெரியாது" என்ற சமாதானம் கிடையாது. கணக்குப் பார்ப்பதை அவன் தள்ளிப் போடுகிறான் என்றால், அந்தத் தள்ளிப் போடுதலே ஒரு சம்மதம்தான். மனசாட்சியைப் பரிசோதிக்கிறோம் என்று சொல்கிறோமே, அதில் கூட்டல் கணக்குக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும்.

இப்போது அடுத்த வாதத்துக்கு வருவோம். இது வழக்கமாகக் கொஞ்சம் சத்தமாகவே வரும்: "என் உழைப்பு, என் சம்பாத்தியம், என் காசு. அதை நான் குடிப்பேன், கொளுத்துவேன். கேட்க நீ யார்?"

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பொருளைப் பற்றிப் பேசும்போது ஒரு பாகுபாடு செய்கிறார். பொருளைத் தேடி வைத்துப் பராமரிக்கும் உரிமை ஒருவனுக்குச் சொந்தமாயிருக்கலாம். அதை உபயோகிக்கும்போது, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஆயத்தமாயிருந்து, பொதுவானதைப்போல் உபயோகிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தூரத்து ஏழைக்கே இது பொருந்துமானால், ஒரே பானையில் உண்ணும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு பொருந்தும்! கல்யாணமாகாத இளைஞன் "என் காசு" என்று சொன்னால் அதில் பாதி நியாயமாவது உண்டு (அவனுக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்). குடும்பஸ்தன் சொன்னால், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று கேட்க வேண்டியிருக்கிறது. அவன் கூலியை வீட்டுக்கு வெளியே சம்பாதிக்கிறான் என்றால், அவன் வேலைக்குப் போகும்படி சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டவளுக்கு அந்தக் கூலியில் பங்கில்லையா? பல வீடுகளில் அவளும் கூலிக்குப் போகிறாள்.

நம் வீடுகளில் ஒரு வினோதமான ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. மனைவி எண்ணெய்க்கும் பருப்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் துண்டு விழுந்தால் "எங்கே போயிற்று?" என்ற கேள்வி வரும். புருஷனுடைய கைச்செலவுக்குக் கணக்கு இல்லை. அது சம்பளத்திலிருந்து முதலில் பிரிந்து நின்றுவிடுகிறது. மீதிதான் "வீட்டுச் செலவு" என்ற பெயரோடு அடுப்படிக்கு வருகிறது. மாதக் கடைசியில் குறைவது வீட்டுச் செலவே, கைச்செலவு குறைவதில்லை. 2016-17-ல் சர்க்கார் நடத்திய புகையிலைக் கணக்கெடுப்பில் வயதுவந்த ஆண்களில் 100-க்கு 19 பேர் புகை குடிப்பவர்கள், பெண்களில் 100-க்கு 2 பேர் என்று கண்டார்கள். ஆகையால் இந்தச் செலவு யாருடைய கையால் போகிறது, அதனால் வரும் குறை யாருடைய தட்டில் தெரிகிறது என்பதற்கு அதிக விளக்கம் வேண்டாம்.

தட்டு என்றது அலங்காரப் பேச்சல்ல. புகையிலைக்குச் செலவிடும் இந்தியக் குடும்பங்களையும் செலவிடாத குடும்பங்களையும் ஒப்பிட்டு 2008-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. புகையிலை புகுந்த வீட்டில் எந்தெந்தச் செலவு ஒதுங்கி வழிவிடுகிறது என்று பார்த்தார்கள். பால் குறைகிறது, பிள்ளைகளின் படிப்புச் செலவு குறைகிறது, புகையில்லாத அடுப்பெரிபொருள் குறைகிறது. இந்தக் கடைசியைக் கவனியுங்கள். ஆண் வெளியே புகைக்கிறான். அதற்கான காசு போனதால் பெண் உள்ளே விறகுப் புகையில் இருமுகிறாள். வங்காள தேசத்தில் 2001-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஓர் ஏழை நாளொன்றுக்குப் புகையிலைக்குக் கொடுப்பதை உணவுக்குக் கொடுத்தால், ஒன்றிரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டில் 500 கலோரிக்கு மேல் கூட்டலாம் என்று கணக்கிட்டது. சிறு பிள்ளைக்கு அது ஏறக்குறைய அரை நாள் ஆகாரம்.

"பீடிதானே, அதில் என்ன பெரிய செலவு?" என்பாரும் உண்டு. மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி, தினமும் சிகரெட்டுக் குடிப்பவர் மாதம் ஒன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,190 ரூபாய் செலவிட்டார். பீடி குடிப்பவர் 284 ரூபாய். தொகையைப் பார்த்தால் பீடி மலிவு. ஆனால் மலிவென்பது வாங்குகிறவனின் மடியைப் பொறுத்தது. உத்தியோகஸ்தருக்கு 1,190 ரூபாய் சம்பளத்தில் ஒரு கீறல். வேலை நிச்சயமில்லாத கூலிக்காரனுக்கு 284 ரூபாய் சில நாள் அடுப்பு. 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, புகையிலைக்கும் அதனால் வரும் வைத்தியத்துக்கும் போகும் பணத்தைக் கழித்துப் பார்த்தால் நம் தேசத்தில் மேலும் ஒன்றரைக் கோடிப் பேர் வறுமைக் கோட்டின் கீழே விழுவதாகக் காட்டியது. சர்க்கார் கணக்கில் ஏழையல்லாதவர்களாய் எண்ணப்பட்டு, வீட்டுக்குள் ஏழைகளாய் வாழ்கிறவர்கள் இவர்கள்.

இத்தனை சொன்ன பிறகு, எதிர்க் கட்சியில் நியாயமான ஒருவரையும் கேட்பதே முறை. அவர் சொல்வது இது: "கஷ்டப்படுகிறவனுக்கு இருப்பது இந்த ஒரு சுகம். மாடிவீட்டுக்காரனுக்கு ஆயிரம் பொழுதுபோக்கு. இவனுடைய ஒரு பீடியைப் பிடுங்க எல்லோரும் வந்துவிடுகிறீர்கள்." இந்த வார்த்தையில் உண்மை இருக்கிறது. ஏழைக்குச் சிக்கனம் உபதேசிப்பதைப்போல் மலிவான தர்மம் வேறில்லை. கல்யாணப் பந்தலில் லட்சக் கணக்கில் வாண வேடிக்கை விடுகிறவர் கொத்தனாரின் பீடியைக் கண்டிப்பாரானால், அவர் வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

ஆனால் அது சுகம்தானா என்பதைக் கொஞ்சம் ஆராய வேண்டும். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் சத்து, புகையை உள்ளிழுத்த சில விநாடிகளுக்குள் மூளையைச் சேர்கிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அதன் அளவு பாதியாகிறது. பழகிய மூளை அப்போது நச்சரிக்கத் தொடங்கும்: கைநடுக்கம், எரிச்சல், வேலையில் மனம் செல்லாமை. மறு பீடி அந்த நச்சரிப்பை அடக்குகிறது. அடங்கிய நிம்மதிக்கு "சுகம்" என்று பெயர் வைக்கிறோம். புகையே குடித்தறியாதவனுக்கு அந்த நச்சரிப்பும் இல்லை, அதற்கு மருந்தும் வேண்டியதில்லை. கந்து வட்டிக்காரன் செய்வதும் இதுவே. முதலில் ஒரு நெருக்கடியை உண்டாக்குகிறான். பிறகு அதிலிருந்து ஒரு நாள் தவணையை விற்கிறான். வாங்கியவன் "ஆபத்துக்கு உதவினான்" என்று நன்றி பாராட்டுகிறான். ஏழைக்கு ஒரு சுகம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். காசு வாங்கிக்கொண்டு காசில்லாதவனின் நிம்மதியையே அவனுக்குத் திருப்பி விற்கும் பொருளை அந்தச் சுகமென்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. இப்படிக் கட்டுண்டவனை "மனமிருந்தால் விட்டிருப்பாயே" என்று ஏசுவது அநியாயம். அவனுடைய சுயாதீனம் பாதி அடகில் இருக்கிறது. அடகு வைத்தவனும் பெரும்பாலும் நாற்பது வயதுக் குடும்பஸ்தன் அல்ல. பதினேழு பதினெட்டு வயதில் கூட்டாளிகளுக்கு முன் ஆண்பிள்ளைத்தனம் காட்ட நினைத்த பையன். பையன் வாங்கிய கடனைக் குடும்பஸ்தன் கட்டிக்கொண்டிருக்கிறான். குற்றம் குறையலாம், கடன் குறைவதில்லை.

இதுவரை சொன்னது முதல் பில். இரண்டாவது பில் ஆஸ்பத்திரியில் வருகிறது. அது வரும்போது சம்பாதிக்கிறவனே படுத்திருப்பான், கூலியும் நின்றிருக்கும், பக்கத்தில் இருக்க வேண்டி மனைவியின் கூலியும் நிற்கும். தமிழ்நாட்டிலேயே, சென்னை நகரத்திலும் கிராமப்புறத்திலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். க்ஷயரோகத்தால் மரிப்பது, புகை குடியாதவர்களைவிடக் குடிப்பவர்களில் ஏறக்குறைய நாலு மடங்கு என்று கண்டார்கள். புற்றுநோயைப் பற்றிக் கேட்டவர்கள் க்ஷயத்தைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்கள். அது ஏழை வீட்டு வியாதி. அங்கேதான் பீடியும் அதிகம்.

"நாங்கள் புகைப்பதால் சர்க்காருக்கு வரி வருகிறதே" என்று சிலர் தேசபக்தியோடு சொல்வதுண்டு. வரி வருவது வாஸ்தவம். ஆனால் 2017-18-ஆம் வருஷத்தில், 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே எல்லா வகைப் புகையிலையாலும் வந்த வியாதிக்கும் அகால மரணத்துக்குமாகத் தேசம் இழந்தது 1,77,341 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கலால் வரியாக 100 ரூபாய் வந்தால், ஜனங்களுக்கு 816 ரூபாய் நஷ்டம். இப்படிப்பட்ட வியாபாரத்தை நம் தெருக்கோடி மளிகைக்காரர்கூடச் செய்யமாட்டார்.

வரி ஆசை எவரையும் விட்டதில்லை என்பதற்கு நம் சொந்த வீட்டுச் சரித்திரமும் சாட்சி. 1642-ல் பாப்பரசர் எட்டாம் உர்பான், ஸ்பெயின் தேசத்துச் செவில் மேற்றிராசனத்துக் கோவில்களில் புகையிலை உபயோகிப்பவர்களுக்குச் சபை நீக்கம் என்று கட்டளையிட்டார். 1725-ல் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் காலத்தில் அவ்விதத் தடை தளர்ந்தது. 1863-ல் ஒன்பதாம் பத்திநாதர் ஆட்சியில் ரோமாபுரியிலேயே பாப்பரசரின் புகையிலைத் தொழிற்சாலை எழுந்தது. மிக அண்மைக் காலம் வரை வத்திக்கானில் வேலை செய்வோருக்குச் சலுகை விலையில் சிகரெட்டு விற்கப்பட்டது. அதில் நல்ல லாபமும் இருந்தது. 2017-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அந்த விற்பனை வேண்டாமென்று தீர்மானிக்க, 2018-ல் நிறுத்தினார்கள். மனிதரின் உயிரைக் கொண்டுபோகும் லாபம் நியாயமான லாபம் ஆகாது என்பதே சொல்லப்பட்ட காரணம். லாபத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன காரணமாதலால் அதற்கு மதிப்பு உண்டு.

பீடி சுற்றும் பெண்களின் கதி என்ன என்ற கேள்வியையும் மறைக்கக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்தில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டும் தாய்மார் ஏராளம். எல்லோரும் பீடியை விட்டால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும்? இதற்கு இந்தத் தாளில் விடை சொல்லித் தீராது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும். அது சர்க்காரும் சமூகமும் பட்டிருக்கும் கடன். ஆனால் ஓர் ஏழைத் தாயின் கூலிக்காக இன்னோர் ஏழைத் தாய் தன் பிள்ளையின் பாலை இழக்க வேண்டும் என்று சட்டம் செய்ய ஒருவராலும் முடியாது.

இனி விடுவதைப் பற்றி. விட்டுவிட்டால் மாதம் 900 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போடுவது சுலபம். விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்: "விட்டு ஒரு வருஷமாகிறது, மிச்சமான பணத்தைக் காணோமே" என்பார்கள். பொய்யல்ல. சில்லறையாய்ப் போனது சில்லறையாகவே மிஞ்சுகிறது. மிஞ்சிய சில்லறை வேறு சில்லறைச் செலவில் கரைகிறது. புகைக்குப் பதில் இரண்டு டீ அதிகம், ஒரு வடை அதிகம், கைபேசிக்கு ஒரு ரீசார்ஜ் அதிகம். செலவில் இருந்த அதே தந்திரம் மிச்சத்திலும் இருக்கிறது. தொகை ஒன்றாய்ச் சேராதவரை அது தொகையே அல்ல.

ஆகையால் அந்தக் காசுக்கு விட்ட நாளன்றே ஓர் இடமும் ஒரு பெயரும் கொடுத்துவிட வேண்டும். பெயர் என்பது முக்கியம். "சேமிப்பு" என்றால் அதற்கு முகமில்லை. "மகளின் நர்ஸ் படிப்பு", "அம்மாவின் கண் ஆபரேஷன்", "வட்டிக்கடையில் இருக்கும் சங்கிலி" என்றால் முகமுண்டு. ஆசை எழும்போது முகமுள்ள ஒன்றோடு அது வாதாட வேண்டியிருக்கும். தபாலாபீசில் ஐந்து வருஷ மாதாந்தரச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். 2024-ல் அதற்கு வட்டி 6.7 சதவீதம். அந்த வட்டிப்படி மாதம் 900 ரூபாய் போட்டு வந்தால், ஐந்து வருஷத்தில் கட்டியது 54,000 ரூபாய். கைக்கு வருவது ஏறக்குறைய 64,200 ரூபாய். அந்தக் கணக்கை யார் பெயரில் தொடங்குவது? இதுவரை யாருடைய பங்கு புகைந்ததோ அவர் பெயரிலே தொடங்குவது நீதிக்கு அடுத்த காரியம். பெரும்பாலும் அது மனைவியின் பெயராக இருக்கும்.

"பணம் மிச்சமாகும் என்று விடுவது தாழ்ந்த நோக்கமல்லவா? புண்ணியத்துக்காக அல்லவோ விட வேண்டும்!" என்று கேட்கிறவர் நம்மிடையே நிச்சயம் ஒருவராவது இருப்பார். தாழ்ந்த நோக்கம்தான், சந்தேகமில்லை. தாழ்ந்த வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும்; ஆயினும் நுழைந்தபின் உள்ளே இருப்பது அதே வீடு. காசுக்காக விட்டவன் ஆறு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காததைக் காண்கிறான். குழந்தை முகம் திருப்பாமல் முத்தமிடுவதைக் காண்கிறான். அப்போது நோக்கம் தானே உயரும். இதற்கு மாறாக ஓர் ஆபத்தும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். விட்டவன் மிச்சமான காசை எண்ணி எண்ணிக் கஞ்சனாகி, பீடி கேட்கும் பழைய தோழனைக் கண்டால் வேதப் பிரசங்கம் தொடங்கிவிடுவதுண்டு. அவன் ஒரு புகையை விட்டு வேறொன்றைப் பிடித்தவன்.

எப்படி விடுவது என்பதற்கு நீண்ட பேச்சு வேண்டாம். "கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்" என்பவர், குறைத்து எந்த நாளில் நிறுத்துவது என்று தேதி குறித்துக்கொண்டால் நல்லது. தேதியில்லாத குறைப்பு மழைக்காலம் வந்தால் பழையபடி ஏறிவிடும். ஆசை எழும்பினால் பெரும்பாலும் சில நிமிஷங்களில் அடங்கும். அந்த நேரத்துக்குத் தண்ணீரோ, நடையோ, யாரிடமாவது ஒரு பேச்சோ வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் கடினம். மருந்துக் கடையில் நிக்கோட்டின் பசை மிட்டாய் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டு உபயோகிக்கலாம், அதில் வெட்கமில்லை. 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசி யோசனை கேட்கலாம். அந்த எண் 2018 முதல் பெட்டியின் மேலேயே அச்சாகி வருகிறது. வீட்டிலுள்ளவர்கள் முதல் வாரத்து எரிந்து விழுதலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது அவர்கள் போடும் பங்குத்தொகை.

"எனக்கு அறுபதாகிவிட்டது, இனி விட்டு என்ன?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்சொன்ன டாலும் அவர் கூட்டாளிகளும் இங்கிலாந்து டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருஷம் கவனித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். விடாமல் குடித்தவர்கள் சராசரி பத்து வருஷம் முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதும் திரும்பக் கிடைத்தது; நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. அறுபதில் கிடைக்கும் மூன்று வருஷத்தில் ஒரு பேத்தியின் புதுநன்மையைக் கண்ணால் பார்க்கலாம்.

விட்டவர் பத்தாம் நாள் வழுக்கி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், "எல்லாம் போயிற்று" என்று மறுபடியும் கட்டு வாங்கத் தோன்றும். உண்டியலைத் திறந்து பார்க்கட்டும். ஒன்பது நாளின் 270 ரூபாய் அங்கே அப்படியே இருக்கும். போனது ஒரு பீடியின் விலை. பதினோராம் நாளின் 30 ரூபாயை அதில் போட்டு, மாதம் முடிந்ததும் மனைவியோடு தபாலாபீசுக்குப் போகட்டும்.